மேஜர் கோல்ஃப் போட்டிகளில் எனக்கு ஓப்பன்தான்

ஆண்கள் கோல்ஃபில் மேஜர் என்ற அந்தஸ்து நான்கே போட்டிகளுக்குத்தான். ஏப்ரலில் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யு.எஸ். ஓப்பன், ஜூலையில் பிரிட்டனில் வெறுமனே 'ஓப்பன்' என்று சொல்லப்படும் பழைய போட்டி. இதில் எது ஒசத்தி என்று கேட்டால் டிவியில் பார்க்கிறவர்களில் பலரும் மாஸ்டர்ஸ் என்பார்கள். ஜெயித்தவருக்குப் போர்த்தும் பச்சைக் கோட்டு, பூத்துக் கிடக்கும் செடிகள், ஒரு காய்ந்த புல்கூடத் தெரியாத தரை, எல்லாம் சரி. எனக்கு ஓப்பன்தான். அதற்குக் காரணம் அது நடக்கும் தரை.

கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தரையைப் புரியவைப்பது சுலபம். தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா பக்கமாகக் கரையோடு நடந்து பாருங்கள். அலை வந்து போகிற ஈர மணல் முடிந்ததும் மேடும் பள்ளமுமாக உலர்ந்த மணல். அதில் அடப்பங்கொடி படர்ந்திருக்கும், அங்கங்கே ராவணன் மீசை குத்துக்குத்தாக நிற்கும். அந்த ராவணன் மீசையின் காய் காய்ந்து கழன்றால் ஒரு முள்ளுப் பந்து மாதிரி காற்றில் உருண்டு ஓடும், சின்ன வயதில் அதைத் துரத்தாத பிள்ளை எங்கள் பக்கம் இருந்திருக்காது. அதையும் தாண்டினால் சவுக்கு, அப்புறம்தான் வயல். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் அந்த நிலத்தில் யாரும் ஏர் பூட்டுவதில்லை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் இப்படியான நிலம்தான் கோல்ஃபுக்குக் கிடைத்தது. விவசாயத்துக்கு ஆகாத மணல், அதனால் ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்க விட்டார்கள். முயல்களும் ஆடுகளும் கடித்துக் கடித்துப் புல் குட்டையாயிற்று. குளிர்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் மேட்டடியில் படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்த இடங்கள்தான் இன்றைக்கு ஆட்டக்காரர்கள் பயப்படும் மணல் பங்கர்களுக்கு மூலம் என்று சொல்வார்கள். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, தரை இறுகியே இருக்கும், அதனால் பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் குதித்து உருண்டு எங்கேயோ போய் நிற்கும். லிங்க்ஸ் என்கிறார்கள் இந்த வகை மைதானத்தை. ஓப்பன் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை லிங்க்ஸ் மைதானங்களைத் தவிர வேறெங்கும் நடந்ததில்லை.

கடலுக்குப் போகும் நண்பர் ஒருவர் என்னோடு உட்கார்ந்து ஓப்பன் பார்த்தார். கோல்ஃபில் அவருக்கு ஒரு விதியும் தெரியாது. ஆனால் வர்ணனையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கொடியப் பாருண்ணே, காத்து திரும்பிடுச்சு, இப்ப அடிச்சா பந்து வலது பக்கம் போயிடும்" என்றார். போயிற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிந்து தொழில் செய்கிறவருக்கு அந்த ஆட்டத்தின் பாதி அப்படியே விளங்கிவிட்டது. லிங்க்ஸில் காலையில் ஆடுகிறவருக்கும் சாயங்காலம் ஆடுகிறவருக்கும் ஒரே மைதானம் இல்லை, காற்று அதை மாற்றிவிடும். ராயல் ட்ரூன் மைதானத்தின் 8-வது குழி வெறும் 123 கெஜம். ஓப்பன் நடக்கும் மைதானங்களில் உள்ள குழிகளிலேயே மிகக் குட்டி. 1973-இல் 71 வயது ஜீன் சராசென் அங்கே ஒரே அடியில் குழியில் போட்டார். 1950-இல் அதே குழிக்கு ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜெர்மன் அமெச்சூர் 15 முறை அடிக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்த் தெருவின் நீளம்கூட இல்லாத ஒரு தூரத்துக்கு!

முதல் ஓப்பன் 1860 அக்டோபர் 17, ஸ்காட்லாந்தின் ப்ரெஸ்ட்விக். வந்தவர்கள் 8 பேர். மைதானத்தில் இருந்ததே 12 குழி, அதை ஒரே நாளில் மூன்று சுற்று, ஆக 36 குழி. வில்லி பார்க் எல்லாரையும் விடக் குறைவாக, மொத்தம் 174 முறை மட்டும் அடித்து ஜெயித்தார். பரிசு, சிவப்புத் தோலில் செய்த ஒரு இடுப்புப் பட்டை. தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் பட்டை சொந்தம் என்று விதி. அது நடக்காது என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தது. ப்ரெஸ்ட்விக் மைதானத்தை அமைத்துப் பராமரித்தவர் டாம் மோரிஸ். அவரே 1861, 1862, 1864, 1867 என்று நான்கு ஓப்பன் ஜெயித்தவர், கடைசி வெற்றியின்போது வயது 46. அந்த வயதில் ஓப்பன் ஜெயித்தவர் அதற்குப் பிறகு இன்றுவரை ஒருவரும் இல்லை. அவருக்கு அடுத்த வருடமே, 1868-இல், அவருடைய மகன் இளைய டாம் 17 வயதில் ஜெயித்தார். இரண்டாவது வந்தது அப்பா! 1869, 1870 என்று மகன் விடாமல் ஜெயித்துப் பட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். கொடுக்கப் பரிசு இல்லாமல் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. 1872-இல் மறுபடி நடத்தினார்கள், அதையும் அந்தப் பையனே ஜெயித்தார். இன்று ஓப்பன் ஜெயித்தவர்கள் தூக்கிப் பிடிக்கும் வெள்ளிக் குடுவை வந்தது அதற்குப் பிறகுதான்.

1875 செப்டம்பரில் நார்த் பெர்விக்கில் அப்பாவும் மகனும் ஒரு பக்கம், வில்லி பார்க்கும் அவர் தம்பி முங்கோவும் எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. இளைய டாமின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ரயிலுக்குக் காத்திருக்க முடியாமல் படகில் ஃபோர்த் கழிமுகத்தைக் கடந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் தாயும் குழந்தையும் போய்விட்டார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று டாமும் இறந்தார், வயது 24. தகப்பன் அதற்குப் பிறகு 1908 வரை உயிரோடு இருந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு, புல்லுக்கு மணல் போடுங்கள், இன்னும் மணல் போடுங்கள் என்று ஆட்களை விரட்டிக்கொண்டு வாழ்ந்தார். கோல்ஃப் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இதுதான்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது எந்தப் பணக்கார கிளப்புக்கும் சொந்தமில்லை, பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஓப்பன் மாதிரிப் பெரிய போட்டிகளுக்கு மட்டும் விலக்கு. மற்ற ஞாயிறுகளில் ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் நடக்கிறார்கள். உலகத்திலேயே பேர்பெற்ற கோல்ஃப் தரை வாரத்தில் ஒரு நாள் ஊர்ப் பூங்கா! ஒரு காலத்தில் 22 குழி இருந்ததை 1764-இல் 18 ஆக்கியது இங்கேதான், உலகம் முழுக்க 18 குழி என்ற கணக்கு இங்கிருந்து கிளம்பியது. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, இரண்டு குழிகள் பங்கு போட்டுக்கொள்ளும். அப்படி ஏழு இரட்டை கிரீன், அதில் எந்த இரண்டின் எண்ணைக் கூட்டினாலும் 18 வரும், 2-ம் 16-ம், 3-ம் 15-ம், இப்படி. 17-வது குழிக்குப் பக்கத்திலேயே ரோடு ஓடுகிறது, பந்து ரோட்டில் விழுந்தால் ரோட்டிலிருந்தே அடிக்க வேண்டியதுதான். 1978-இல் ஜப்பானின் டாமி நகாஜிமா பந்தை கிரீனுக்குக் கொண்டுவந்துவிட்டு, அங்கே மெதுவாகத் தட்டியது உருண்டு பங்கரில் விழுந்து, அந்த ஒரு குழிக்கு 9 அடி ஆனது.

அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921-இல் 19 வயதில் முதல்முறை இங்கே ஆடியபோது 11-வது குழிப் பங்கரில் மாட்டிக்கொண்டு, வெறுத்துப்போய்ப் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். அத்தோடு அவர் போட்டி முடிந்தது. ஆனால் 1927-இல் அதே ஊரில் ஓப்பன் ஜெயித்தார், 1930-இல் நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே வருடத்தில் ஜெயித்தார் (அப்போது கணக்கு வேறு, இரண்டு ஓப்பனும் இரண்டு அமெச்சூர் போட்டியும்). 1958-இல் முதுகுத்தண்டு நோயால் நடை தளர்ந்துபோன நிலையில் திரும்பி வந்தவரை ஊர் மொத்தமும் திரண்டு கௌரவித்தது. என் வாழ்க்கையிலிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் அனுபவம் ஒன்று போதும், நிறைவான வாழ்க்கைதான் என்று அங்கே பேசினார்.

இதே ஜோன்ஸ்தான் அகஸ்டாவை உண்டாக்கினார் என்பது முக்கியம். முன்பு செடி நர்சரியாக இருந்த இடத்தை வாங்கி, செயின்ட் ஆண்ட்ரூஸை அணு அணுவாக அளந்து வரைபடம் போட்டிருந்த மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியோடு சேர்ந்து, அந்த மணல் மைதானத்தின் குணத்தை ஜார்ஜியாவின் செம்மண் சரிவில் கொண்டுவரப் பார்த்தார். அகலமான ஃபேர்வே (கிரீன் வரை போகும் புல்வழி), குறைவான பங்கர், எங்கிருந்து அடிப்பது என்று யோசிக்க வைக்கும் கிரீன். முதல் போட்டி 1934-இல் நடந்தது, அதற்கு இரண்டு மாதம் முன்பே மெக்கென்சி இறந்துவிட்டார். அகஸ்டாவின் அழகை நான் மறுக்கவில்லை. 12-வது குழி 155 கெஜம்தான், 2016-இல் முன்னணியில் இருந்த ஜோர்டன் ஸ்பீத் அங்கே இரண்டு பந்தை ஓடையில் விட்டு 7 அடி எடுத்துக் கோப்பையைத் தொலைத்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் வாசல்? மாஸ்டர்ஸில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர், லீ எல்டர், இறங்க 1975 ஆயிற்று. அதுவரை, அதற்குப் பின்னும் 1982 வரை, போட்டியில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்தவர்கள் எல்லாரும் அந்த கிளப்பின் கறுப்பின ஊழியர்கள். கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர் 1990-இல், பெண்கள் 2012-இல். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிஜிஏ சங்கம் தன் விதியிலேயே வெள்ளையர்கள் மட்டும் என்று 1934 முதல் 1961 வரை எழுதி வைத்திருந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1896 யு.எஸ். ஓப்பனில், ஜான் ஷிப்பென் என்ற கறுப்பின இளைஞரும் ஆஸ்கர் பன் என்ற ஷின்னெகாக் பழங்குடி இளைஞரும் பெயர் கொடுத்தபோது மற்ற ஆட்டக்காரர்கள் ஆட மாட்டோம் என்று மிரட்டினார்கள். நீங்கள் போனால் போங்கள், இவர்கள் இருவரை மட்டும் வைத்தாவது போட்டி நடக்கும் என்றார் யு.எஸ். ஓப்பனை நடத்தும் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவர் ஹேவ்மெயர். மிரட்டியவர்கள் ஆடினார்கள். அந்த நேர்மை அப்படியே தொடர்ந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனது ஆறவே மாட்டேன் என்கிறது. ஓப்பன் பக்கமும் சுத்தமில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களைச் சேர்த்தது 2014-இல்தான். 2016-இல் மியூர்ஃபீல்ட் கிளப் பெண்களைச் சேர்க்க மறுத்தது. இனி அங்கே ஓப்பன் இல்லை என்று ஓப்பனை நடத்துகிறவர்கள் அறிவித்த பிறகு, அடுத்த வருடம் மறுபடி ஓட்டுப் போட்டு வழிக்கு வந்தது.

புதுச்சேரியில் இருக்கும் என் மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. கோல்ஃப் என்றால் அவருக்கு ஒரே ஒரு நாள்தான், 1999 ஓப்பன், கார்னூஸ்டி. ஜான் வான் டி வெல்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடி முன்னிலை. ஆறு அடித்தாலும் கோப்பை அவருக்கு. பெரிய மட்டையை எடுத்து விளாசினார், பந்து வலப்பக்கம் எங்கோ போனது. அடுத்தது பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் திரும்பிப் புதரில், அதற்கடுத்தது ஓடையில். ஷூவைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்கி நின்றார். கடைசியில் ஏழு. சமநிலையை முறிக்க நடந்த பிளே-ஆஃபில் பால் லாரி ஜெயித்தார். "சின்ன மட்டையா எடுத்து மூணு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சுது மாப்ள" என்று இன்றைக்கும் கையை விரிப்பார் மாமா. அவரிடம் நான் சொல்வது அர்னோ மாஸியைப் பற்றி. பியாரிட்ஸ் கடற்கரைக்காரர், சிறு வயதில் மத்திப் படகில் வேலை, ஓய்வு நேரத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு மட்டைப் பை சுமந்து ஆட்டம் கற்றவர். 1907-இல் ஹாய்லேக்கில் ஓப்பன் ஜெயித்தார். பிரிட்டிஷ்காரர் அல்லாத ஒருவர் ஓப்பனை ஜெயித்தது அதுதான் முதல்முறை. ஆண்கள் மேஜரை ஜெயித்த ஒரே பிரெஞ்சுக்காரரும் இன்றுவரை அவர்தான். மத்திப் படகு என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நம் ஆட்களில் பிஜியின் விஜய் சிங் மூன்று மேஜர் ஜெயித்திருக்கிறார், 1998, 2004 பிஜிஏ, 2000 மாஸ்டர்ஸ். இந்தியாவிலிருந்து ஆடியவர்களில் அனிர்பன் லாஹிரி 2015 பிஜிஏவில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்தார். இவர்களுக்கெல்லாம் முன்பு டர்பனில் பாப்வா சேவ்கோலம். மட்டைப் பை சுமந்தவர், இரண்டு கையையும் மற்றவர்கள் பிடிப்பதற்கு நேர்மாறாக வைத்து மட்டையைப் பிடித்தவர், ஓப்பனிலும் ஆடியவர். 1963-இல் நடால் ஓப்பனை ஜெயித்தபோது நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் விட மறுத்து, கொட்டும் மழையில் வெளியே நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. மாஸ்டர்ஸின் கடைசி நாள் நமக்கு முடிவதற்குள் திங்கள் விடியற்காலை நாலரை ஆகிவிடும். ஓப்பன் அப்படியில்லை, ஞாயிறு ராத்திரி பதினொரு மணிவாக்கில் முடிந்துவிடும். 2027-இல் மறுபடி செயின்ட் ஆண்ட்ரூஸில் நடக்கிறது. முதல் தடவை பார்ப்பதாக இருந்தால் ஸ்கோரை விட்டுவிட்டு 17-வது குழியை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள், முக்கியமாகக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று.