மாற்று பேட்டரி யாரிடம் இருந்தது?

வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பட்டாளத்துக்குப் போவது இங்கே பல வீடுகளில் தலைமுறை வழக்கம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் போர்க்கதை நடத்திய விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கதை டிம் ஓ'பிரையனுடையது. வியட்நாம் போரில் காலாட்படைச் சிப்பாயாக இருந்தவர். 1990இல் வந்த 'தி திங்ஸ் தே கேரீட்' தொகுப்பின் முதல் கதை. கதை என்று பேர், பெரும்பகுதி சாமான் பட்டியல்தான். யார் எதைச் சுமந்தார்கள், அது எத்தனை பவுண்டு. ஹெல்மெட் 5. இயந்திரத் துப்பாக்கி குண்டு போடாமலே 23. ரேடியோ பேட்டரியோடு 26, அதாவது கிட்டத்தட்ட 12 கிலோ. ஒருவன் பைபிள் வைத்திருக்கிறான். இன்னொருவன் காதலியின் நீளக் காலுறையைக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறான். பயம் தாங்காத லாவெண்டர் மாத்திரை வைத்திருக்கிறான். அவர்களுக்குத் தலைவனான லெப்டினன்ட் கிராஸிடம் இருப்பது ஊரிலிருந்து மார்த்தா எழுதிய கடிதங்கள். அவற்றுக்கும் எடை உண்டு: 10 அவுன்ஸ், 280 கிராம் சொச்சம். அவளுக்குத் தன்மேல் காதல் இல்லை என்பது கிராஸுக்கே தெரியும்.

அவன் நினைப்பு முழுக்க மார்த்தாவிடம் இருந்த நேரத்தில், ஒண்ணுக்குப் போய்விட்டுத் திரும்பிய லாவெண்டர் தலையில் குண்டு பட்டுச் சாகிறான். மழைக்காகச் சுமந்த அவனுடைய பான்சோ என்ற மழை அங்கியிலேயே அவனைச் சுற்றி ஹெலிகாப்டரில் ஏற்றுகிறார்கள். மறுநாள் காலை கிராஸ் கடிதங்களைக் கொளுத்துகிறான். கொளுத்தி என்ன?

நான் கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, 'கண்ணுக்குத் தெரியும் சுமை', 'தெரியாத சுமை' என்று இரண்டாகப் பிரித்துப் போடுவேன். கடிதங்கள் எதன் குறியீடு? 5 மதிப்பெண். பல வருடங்களாக இதே கேள்விதான்.

ஒரு மாணவி கதையை வீட்டில் தன் அப்பாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அவர் ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம், காதலி எதற்கும் அசையாதவர், ரேடியோவின் எடை வந்ததும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "மாத்து பேட்டரி யாருகிட்ட இருந்துச்சாம்?"

அப்புறம் தனக்கு மாற்று பேட்டரி தூக்கி வந்த ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாராம். மேட்டில் ஏறும்போது அந்த ஆள் மூச்சு வாங்குவது, பேட்டரியைக் குளிரில் சட்டைக்குள் வைத்துக்கொள்வது. பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த ஆளின் பெயரை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. "அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க வாயெடுத்தவளை அம்மா கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

அவள் இதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பட்டியல் எனக்குப் புரிந்தது. பேட்டரியைப் பற்றி என்றால் அவரால் பேச முடிகிறது. ஆளைப் பற்றி நேராக முடியவில்லை. அங்கே போய் வந்த ஓ'பிரையனுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் துப்பாக்கியையும் பயத்தையும் ஒரே மூச்சில் எழுதுகிறார். நான் மெனக்கெட்டு நடுவில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு மிலிட்டரிக்காரரின் ட்ரங்க் பெட்டியில் இருப்பதை எடையோடு எழுதுங்கள் என்றேன். துறையில் இதற்கு எப்படி மதிப்பெண் போடுவீர்கள் என்றார்கள். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: அம்மா போட்டுக் கொடுக்கும் எலுமிச்சை ஊறுகாய், 2 கிலோ. அடுத்த லீவில் காலி டப்பா, 150 கிராம். மூடியில் இந்தியில் வேறு யாரோ ஒருவரின் பெயர்.