திராட்சைக் கவாத்து: எதை விடுவது, எதை வெட்டுவது

கவாத்துக்குப் புதியவர்கள் கெடுப்பது அதிகம் வெட்டி அல்ல, பாவம் பார்த்துக் குறைவாக வெட்டித்தான். போன பருவத்தில் ஓடிய கொடியில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு போய்விட வேண்டும். வேலை முடிந்ததும் செடி மொட்டையாகத் தெரிந்தால் சரியாக வெட்டியிருக்கிறீர்கள்.

பூங்கொத்து வருவது புதுத் தளிரில். அந்தத் தளிர் போன பருவத்துக் கொடியின் கணுவிலிருந்து கிளம்ப வேண்டும். பழைய கட்டையில் வெடிப்பது பெரும்பாலும் வெறும் இலையாகவே நிற்கும். அதனால் முதலில் வயதைப் பாருங்கள். பட்டை நார் நாராக உரிந்தால் பழைய கட்டை. வழவழப்பாக, பழுப்பு நிறத்தில், பென்சில் கனத்தில் இருந்தால் உங்களுக்கு வேண்டிய கொடி. நுனியைக் கொஞ்சம் நறுக்கினால் உள்ளே பச்சை ஈரம் தெரிய வேண்டும். காய்ந்து பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கி வெட்டுங்கள். கட்டைவிரலைவிடப் பருத்து, கணுக்கள் எட்ட எட்ட இருக்கும் கொடியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வீரியம் எல்லாம் இலைக்கே போயிருக்கும், காய்ப்பு குறைவு.

குளிர்ப் பகுதிகளில் இலை உதிர்ந்து செடி உறங்கும்போது, குளிர்காலக் கடைசியில் ஒரே வெட்டு. செடி உறங்காத வெப்பப் பகுதிகளில் அறுவடை முடிந்ததும் 1, 2 கணு விட்டு ஒரு வெட்டு. அதில் வளர்ந்த கொடி முற்றியபின் காய்ப்புக்கு இன்னொரு வெட்டு.

எத்தனை கணு விடுவது என்பது ரகத்தைப் பொறுத்தது. அடிக்கணுவிலேயே காய்க்கும் ரகத்துக்கு 2 கணு விட்டுக் குட்டையாக வெட்டினால் போதும். தாம்சன் சீட்லெஸ் போன்றவற்றின் அடிக்கணுக்கள் அவ்வளவாகக் காய்க்காது. அவற்றில் 8 முதல் 15 கணு வரை நீளமாக விடுவார்கள். நீளக் கவாத்தில் மறக்கக் கூடாதது, ஒவ்வொரு கொடிக்கும் கீழே 2 கணுவோடு ஒரு குட்டைத் துண்டு விடுவது. அடுத்த பருவத்துக் கொடி அதிலிருந்துதான் வரும். விடாமல் போனால் காய்க்கும் பகுதி வருஷத்துக்கு வருஷம் தண்டைவிட்டு விலகிப் போகும். நீளக் கொடியை விறைப்பாக நிமிர்த்திக் கட்டினால் நுனிக் கணுக்கள் முந்திக்கொண்டு வெடிக்கும், நடுவில் வெறுமையாகிவிடும். கம்பியில் படுக்க வைத்தோ வில்லாக வளைத்தோ கட்டுங்கள்.

கத்தரி, இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டும் வகையாக இருக்கட்டும். பலகையில் நசுக்குவது போல வெட்டும் வகை வேண்டாம். கூர் அலகு செடியில் நிற்கும் பக்கம் இருக்க வேண்டும், நசுங்குவது விழப்போகும் துண்டாக இருக்கட்டும். மேல் கணுவுக்கு ஒன்றரை, இரண்டு செ.மீ. மேலே, கணுவுக்கு எதிர்ப்புறம் சரிவாக வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் வெட்டுவாய் காய்வது உள்ளே இறங்கி அந்தக் கணுவையும் கொண்டுபோகும். பழைய கட்டையில் பெரிய வெட்டு என்றாலும் தண்டோடு ஒட்ட அறுக்காமல் சிறு துண்டு விடுங்கள். மழை நாளில் கத்தரியைத் தொடாதீர்கள். தண்டைக் கொல்லும் பூஞ்சை ஈரத்தில்தான் புதுக் காயத்தில் ஏறும்.

தாமதமாக வெட்டினால் வெட்டுவாயில் நீர் சொட்டுச் சொட்டாக வடியும். பயந்து மெழுகு பூசுகிறவர்கள் உண்டு. அது வேர் ஏற்றும் நீர், தானே நின்றுவிடும்.

நோயில்லாத துண்டுகளில் 3, 4 கணு உள்ளதை நட்டால் வேர்விடும். அடிப்பக்கத்தை நேராகவும் மேல்பக்கத்தைச் சரிவாகவும் வெட்டி வையுங்கள், நடும்போது தலைகீழாகப் போகாது.