அலாரத்தை விடுங்க, ஃபால்ட்டைப் பாருங்க

கட்டிடங்களுக்கு செக்யூரிட்டி அலாரம் மாட்டுவதும் சர்வீஸ் பார்ப்பதும் என் வேலை. புதுச்சேரி, கடலூர் பக்கம்தான் பெரும்பாலும் சுற்றல். போகிற இடத்திலெல்லாம் ஓனர்கள் கேட்பது ஒன்றுதான், ராத்திரி எந்த ஸோன் (சென்சார் இருக்கிற பகுதி) அடிச்சுது? அலாரத்தை நடத்துகிற பெட்டிதான் பேனல், நடந்ததையெல்லாம் நேரத்தோடு அது பதிந்து வைக்கிற லாகில் அது இருக்கும், சரி. ஆனால் நான் முதலில் தேடுவது கரண்ட் போனது, பேட்டரி இறங்கியது, யாரோ மூடியைத் திறந்தது என்று யாரும் படிக்காமல் விடுகிற ஃபால்ட் வரிகளை.

கடலூர் முதுநகரில் ஒரு குடோன். ராத்திரியில் அடிக்கடி சைரன் அலறும், போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டினபடியே இருக்கும். வாட்ச்மேன் பெரியவர்தான் உள்ளே போய் நடமாடுகிறார் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். லாகைப் பார்த்தேன். எல்லா மோஷன் சென்சாரும் ஒரே நொடியில் அடித்திருந்தன. ஆள் நடந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே அடிக்கும்?

அதற்குச் சில நிமிஷம் கழித்து 'ஏசி ஃபெயில்', அதாவது மெயின் கரண்ட் போய்விட்டது என்று ஒரு வரி. இங்கேதான் பலர் ஏமாறுவது. அலாரம் முதலில், கரண்ட் கட் அப்புறம், ஆக இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும். கரண்ட் போய்ப்போய் வருகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் பதிந்தால் லாக் அதிலேயே நிரம்பி, பழைய வரிகள் அழிந்துபோகும். அதனால் சில பேனல்களில் ஏசி போனால் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் பதியும்படி செட்டிங் இருக்கும், இதுவும் அப்படித்தான். உண்மையில் முதலில் போனது கரண்ட்.

கரண்ட் போனால் பேனலையும் சென்சார்களையும் ஓட்ட உள்ளே இருந்தது வழக்கமான 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. சார்ஜர் ஓடும்போது மீட்டர் வைத்தால் 13.5க்கு மேல் காட்டும், ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி. சார்ஜரை எடுத்து லோடு விழுந்ததும் மடமடவென்று இறங்கியது. பேனலின் சர்க்யூட் போர்டுக்குக் குறைந்த வோல்டேஜே போதும், அதனால் பேனல் தாக்குப்பிடித்தது. சென்சாரால் முடியவில்லை. சும்மா இருக்கும்போது அதன் ரிலேயை, அதாவது உள்ளே இருக்கிற சின்ன ஸ்விட்சை, பிடித்து வைத்திருப்பதே கரண்ட்தான், அது குறைந்தால் ரிலே விட்டுவிடும், பேனலுக்கு அதுவும் ஆள் வந்த மாதிரியே தெரியும்.

பெரியவர் உள்ளே போனாரா என்று லாகை வைத்தே சொல்லியிருக்கலாம், பின் நம்பர் போட்டு யார் அலாரத்தை ஆஃப் செய்தாலும் அந்தப் பின்னுக்குரிய யூசர் நம்பர் பதியும். ஆனால் அங்கே கணக்குப்பிள்ளையிலிருந்து லோடுமேன் வரை எல்லோருக்கும் ஒரே பின் நம்பர். லாகில் எங்கு பார்த்தாலும் யூசர் 1தான். கேமரா வைக்கச் செலவு செய்கிறவர்கள், ஆளுக்கொரு பின் போடுகிற, காசே ஆகாத இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள்.

பேட்டரியை மாற்றி, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். நேரம் ஆனதும் ஏசி ஃபெயில் மட்டும் பதிந்தது, ஸோன் ஒன்றும் அசையவில்லை. முதலாளி பெரியவரைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பின் நம்பர் போடலாமா என்று கேட்டதற்கு, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்.