சேலத்திலிருந்து நூறு கேசட் அனுப்பிய விதம்

கேம் எழுதி முடிந்தது, எமுலேட்டரில் (கணினியில் கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளில்) தடங்கலில்லாமல் ஓடுகிறது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறோம். அதற்கு முந்தைய வேலையைச் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலுக்குப் புதிதாக எழுதிய கேம் ஒன்றை, எண்ணிட்ட 100 கேசட்டாக, பெட்டியும் கையேடும் சேர்த்து, சேலத்தில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்றோம். அதில் எது எங்கே உடையும் என்பதுதான் இங்கே.

நம்மூரில் 90களில் ஓடிய டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை. கேசட்டுக்கு 60 பின். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற என்இஎஸ்ஸுக்கு 72 பின். எங்களிடம் வாங்கியவர்கள் அநேகமாக 72 பின்காரர்கள். இந்த வித்தியாசம் வெறும் பின் கணக்கு அல்ல. என்இஎஸ்ஸுக்குள் ஒரு பூட்டுச் சிப் இருக்கிறது. கேசட்டிலும் அதன் ஜோடி இருந்து, இரண்டும் விடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு தப்பினால் கன்சோல் நொடிக்கொரு தரம் ரீசெட் ஆகி, திரை கண்சிமிட்டும். ஃபேமிகாமில் இந்தப் பூட்டு கிடையாது. 1993இல் வந்த, மேல்பக்கம் கேசட் போடும் என்இஎஸ்ஸிலும் கிடையாது. ஆகவே, பழைய டிவி கேம் பெட்டியில் அடாப்டர் மாட்டி ஓட்டிப் பார்த்தோம், நன்றாக ஓடியது என்பதைச் சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பக்கம் கேசட் போடும் அசல் என்இஎஸ் ஒன்று கையில் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம்.

பூட்டுக்கு ஜோடியாக ஏடிடைனி13 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலரைப் போடுகிறோம். அதற்கான நிரல் பொதுவில் கிடைக்கிறது. வம்பு ஃபியூஸில்தான் (சிப் எப்படி ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பிட்டுகள்). சிப் தன் உள்கடிகாரத்தை விட்டுவிட்டு, கன்சோல் கேசட்டுக்குத் தரும் 4 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும்படி ஃபியூஸை மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால், வெளிக்கடிகாரம் கொடுக்காமல் ஐஎஸ்பி (போர்டில் இருந்தபடியே நிரல் ஏற்றும் முறை) வழியாக அந்தச் சிப்பை மறுபடி தொட முடியாது. சிப்பே இல்லை என்று புரோகிராமர் (சிப்பில் நிரல் எழுதும் கருவி) சொல்லும். செத்துப்போச்சு என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள், உயிரோடுதான் இருக்கும். நிரலை எழுதிச் சரிபார்த்துவிட்டு, ஃபியூஸைக் கடைசியில் மாற்றுங்கள். இன்னொன்று: கண்சிமிட்டுவதெல்லாம் சிப்பின் குற்றமும் அல்ல. கன்சோலின் 72 பின் கனெக்டர் தளர்ந்திருந்தாலும் இதே கூத்துதான். நன்றாக ஓடும் பழைய கேசட் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருந்தால் யார் மேல் தப்பு என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேசட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு யூஎன்ரோம் என்ற வகை. 128 கேபி நிரல், படத்துண்டுகளுக்கு 8 கேபி கேரக்டர் ராம், பேங்க் (நிரலைப் பிரித்துவைத்த துண்டு) எண்ணைப் பிடித்துவைக்க ஒரு 74எச்சி161, கடைசி பேங்கை அசையாமல் நிறுத்த ஒரு 74எச்சி32. ஒவ்வொரு ஐசிக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, கரன்ட் நுழையும் இடத்தில் 10 மைக்ரோஃபாரட் ஒன்று. இந்த வகையில் எமுலேட்டர் காட்டாமல் விட்டுவிடக்கூடிய ஒரு பள்ளம் உண்டு. பேங்க் மாற்றும் எண்ணை ரோம் இருக்கும் முகவரியில்தான் எழுதுகிறோம். அதே நொடியில் ரோமும் அந்த இடத்தில் உள்ள தன் பைட்டை டேட்டா லைனில் தள்ளும். இரண்டும் வேறு வேறானால் இழுபறி. எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கன்சோலில் ஓடி, இன்னொன்றில் இரண்டாம் லெவலில் திரை நொறுங்கினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மருந்து எளிது: நிலையான கடைசி பேங்கில் 0 முதல் 7 வரை ஓர் அட்டவணை வைத்து, 5ஆம் பேங்க் வேண்டுமென்றால் 5 இருக்கிற இடத்திலேயே 5ஐ எழுத வேண்டும்.

அசல் கன்சோலில் மட்டும் தலைகாட்டும் இன்னும் இரண்டு. பவர் போட்டதும் ராமில் பூஜ்யம் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல், கண்டதும் நிரம்பிய ராமைப் பார்த்துத் தடுமாறும். மெசன் எமுலேட்டரில் ராமைத் தாறுமாறாக நிரப்பித் தொடங்கும் வசதி இருக்கிறது, முதல் நாளிலிருந்தே அதைப் போட்டுவையுங்கள். அடுத்தது, டிரம் ஒலிக்கு டிஎம்சி சாம்பிள் (பதிவுசெய்த ஒலித் துண்டு) பயன்படுத்தினால், கண்ட்ரோலரைப் படிக்கும்போது ஒரு பிட் நழுவும். யாரும் தொடாமலே ஹீரோ வலப்பக்கம் ஓரடி வைப்பான். கண்ட்ரோலரை இரண்டு தரம் படித்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்க வேண்டும்.

ஃபிளாஷ் ஐசி 39எஸ்எஃப்010, பிஎல்சிசி உருவம் (நாலு பக்கமும் கால் உள்ள உறை), 5 வோல்ட். 3.3 வோல்ட் ஐசி மலிவு என்று வாங்கி நேரடியாக 5 வோல்ட் லைனில் கட்டாதீர்கள். அன்றைக்கு ஓடும், வாங்கியவர் வீட்டில் என்றைக்கு நிற்கும் என்று தெரியாது. பெயரைத் தேய்த்து மறுபடி அச்சடித்த பழைய ஐசிகளும் சந்தையில் கலந்து வரும். புரோகிராமரில் வைத்து அடையாள எண்ணைப் படியுங்கள்: இந்த ஐசிக்கு பிஎஃப், பி5 என்று வர வேண்டும். பெட்டியில் ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தால் போதாது, வாங்கிய 125ஐயும் பார்த்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினோம்.

போர்டு ஆர்டர் கொடுக்கும் படிவத்தில் தடிமன் 1.6 மி.மீ. என்று தானாக நிரம்பியிருக்கும். என்இஎஸ்ஸுக்கு 1.2 தான். தடித்த போர்டை அழுத்தினால் உள்ளே போய்விடும், ஆனால் கனெக்டரின் பின்களை விரித்துவிடும். அதன்பிறகு அவருடைய மற்ற கேசட்டுகள் ஓடாது. சேகரிப்பாளர் மன்னிக்காத குற்றம் இது. விளிம்பைச் சாய்த்துத் தரச் சொல்லுங்கள். ஈயப் பூச்சு வேண்டாம், தங்கப் பூச்சு கேளுங்கள். ஈயம் மேடுபள்ளமாக நிற்கும், கனெக்டரிலும் ஒட்டும். 120 போர்டு வாங்கி 112 கட்டினால், கீறல், கோணல் எல்லாம் கழித்து 100 தேறும். கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு புதிதாக அச்சில் வார்த்ததாக இருக்கட்டும். பழைய கேசட்டை உடைத்து அதன் ஓட்டை எடுப்பது இந்த வட்டத்தில் கெட்ட பெயர். 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூ (நின்டெண்டோ கேசட்டுகளில் வரும் தனி வகை) போட்டால் திறந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் வசதி.

கேம் சேவ் செய்ய பேட்டரி வைக்கவில்லை, பாஸ்வேர்டு முறைதான். பட்டன் செல் பத்துப் பதினைந்து வருடத்தில் தீர்ந்து போவது ஒரு பக்கம். லித்தியம் உள்ள பார்சல் என்றால் விமானத் தபாலில் கேள்வி மேல் கேள்வி வரும் என்பது இன்னொரு பக்கம்.

இனி அட்டைப் பெட்டி. சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது இதைத்தான், பலர் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான். சேலத்தில் ஆஃப்செட் அச்சகத்தில் விசாரித்தால் கிடைக்கும் பதில் ஒரே மாதிரி: “நூறு பெட்டிக்குப் பிளேட்டு போட்டா எப்படிங்க கட்டுப்படியாகும்? ஆயிரமா அடிச்சுக்கோங்க.” அவர் சொல்வது நியாயம்தான். டிஜிட்டலில் 130 அடித்தால் விலை கட்டும், ஆனால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கறுப்பு அட்டை என்றால் இன்னும் அசிங்கம். 350 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சடித்து, மேட் லேமினேஷன் போட்டு, அதன் பிறகு கிரீசிங் (மடிப்புக் கோடு போடுதல்), டை கட்டிங் (வடிவமாக வெட்டுதல்) என்ற வரிசையில் போனால் அந்த வெடிப்பு அடங்கும். வரிசையை மாற்றிச் செய்து கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அட்டையின் நார் ஓட்டம் பெட்டியின் உயரத்துக்குக் குறுக்கே ஓட வேண்டும், இல்லையென்றால் முன்பக்கம் வயிறு தள்ளும். அளவை அசல் பெட்டியில் காலிப்பர் வைத்து எடுங்கள். சேகரிப்பாளர்கள் பெட்டியை பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பார்கள், அது அசல் அளவுக்கே செய்தது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் நுழையாது.

தயாரான பெட்டிகளை ஏற்காட்டில் வைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் வீடு மலையில். ஐப்பசி மழையில் அங்கே அடுக்கிவைத்த 20 பெட்டி ஒரே வாரத்தில் வில்லாக வளைந்துவிட்டது. லேமினேஷன் போட்ட பக்கம் ஈரம் ஏறாது, உள்பக்கம் குடித்து உப்பும், அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். கீழே சேலத்தில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தால் போதும். கையேட்டுக்கு அடிக்கும் பின்னும் துருப்பிடிக்காததாகப் பாருங்கள். பக்கங்கள் நான்கின் மடங்கு, எங்களுடையது 16.

பெட்டி ஓவியருடன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். விற்பதோ வெளிநாட்டில், எனவே உலகம் முழுவதும் என்ற சொல் அதில் இருந்தே ஆக வேண்டும். பெட்டியில் நின்டெண்டோவின் லோகோவோ தர முத்திரையோ கூடாது. அழகுக்காக அதே மாதிரி வட்டம் ஒன்று வரைந்து வைப்பதும் வம்புதான்.

சேலத்துக்காரர்கள் என்பதால் கொலுசுப் பட்டறையில் சொல்லி, எண் பொறித்த வெள்ளித் தகடு சேர்க்கலாம் என்ற ஆசை வந்தது. விலையுயர்ந்த உலோகம் பார்சலில் ஏறினால் கஸ்டம்ஸ் கணக்கே வேறு, ஆசையை விட்டோம். எண் கேசட்டின் பின்பக்க லேபிளில் மட்டும், அழியாத மையில் கையால். பெட்டியில் எண் இல்லை. தபாலில் பெட்டி நசுங்கினால் மாற்றுப் பெட்டி அனுப்ப இதனால்தான் முடிகிறது.

100இல் 94ஐ மட்டும் விற்பனைக்கு வைத்து, 95 முதல் 100 வரை தபாலில் தொலைவதற்கென்று ஒதுக்கினோம். ஆளுக்கு ஒன்று. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1, 7, 42 என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதியே பொழுது போய்விடும். கோடையில் சனிக்கிழமை இரவு 8.30க்குத் திறந்தால் நியூயார்க்கில் காலை 11, பாரிஸில் மாலை 5. ஜப்பானில் நள்ளிரவு, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. கேசட் முழுவதும் கட்டிச் சோதித்த பிறகே காசு வாங்கினோம். பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். முன்பதிவு வாங்கிவிட்டு ஏழெட்டு மாதம் இழுத்தடித்தால் அவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். ஊர் முழுக்கப் பேச்சு வேறு.

ஏற்றுமதிக்கு ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு) எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய், பான் எண்ணே ஐஇசி எண். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) போட்டுவிட்டு வரி கட்டாமல் அனுப்பலாம். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா தளத்தில் ஏற்றுமதிப் படிவத்தை வீட்டிலேயே நிரப்பிவிட்டால் கவுண்டரில் வேலை குறைவு. மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்லும் வாடிக்கையாளருக்கு முடியாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தொலைந்தால் அந்தக் குறைந்த மதிப்புதான் திரும்பி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து எவ்வளவு சிறிய பார்சலுக்கும் வாட் வரி உண்டு. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்டில் போய்விட்டது. யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பேக்கிங்கில் மெத்தைக் கவர் வேண்டவே வேண்டாம். கேசட் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி, அதில் பபிள் ரேப், வெளியே ஐந்தடுக்கு அட்டைப் பெட்டி. இடுப்பு உயரத்திலிருந்து மூலை கீழே வரும்படி ஒரு தடவை போட்டுப் பாருங்கள். உள்ளே மூலை மழுங்கினால் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம்.

தொலைந்த பார்சலுக்கு ஒதுக்கீட்டிலிருந்து அனுப்பும்போது எண்ணை மாற்றி எழுதாதீர்கள். 37 தொலைந்தால் அவருக்கு 95 போகும். 37 தொலைந்தது என்று பதிவேட்டிலும் விற்பனைப் பக்கத்திலும் ஏற வேண்டும். மூன்று மாதம் கழித்து 37 எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது, பெட்டியின் ஒரு மூலை நசுங்கி. மாற்றுப் பெட்டியில் வைத்து, திரும்பி வந்தது என்று பதிந்துவிட்டு, மீதமிருந்த ஐந்தோடு சேர்த்து 180 நாள் முடிந்ததும் அதே விலைக்கு விற்றோம்.