எட்டு கெஜக் கம்பளி

பிப்ரவரி 11, 2024. இன்வர்னஸ்

என் கணவரின் பழைய கில்ட்டை, ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கொசுவம் வைத்த கம்பளிப் பாவாடையை, இன்று வெளியே எடுத்தேன். அந்துருண்டை போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் பூச்சி புகுந்துவிட்டது. பின்பக்கக் கொசுவத்தில் ஏழு ஓட்டைகள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். தோல்பட்டையைக் கடைசித் துளையில் மாட்டிய பிறகும் என் கை முழுவதும் உள்ளே போயிற்று. கழற்றி, மடித்து, என்னிடமே கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கல்யாணம் செப்டம்பர் 14. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போகிறவர் அவர்.

பிப்ரவரி 13

அவர் வயிற்றில் ஒட்டியிருக்கும் கழிவுப் பை கசிந்தது. இரண்டு முறை எழுந்தோம்.

பிப்ரவரி 20

ஊருக்குள் ஒரு கடைக்குப் போனோம். அளவெடுத்த பையன் கால்சட்டைக்கு மேலே, பெல்ட்டுக்கு மேலேயே டேப்பைச் சுற்றினான். அப்பா தன் தையல் கடையில் எவரையும் பெல்ட்டோடு அளவெடுக்க விட்டதில்லை. அதுவும் கில்ட் என்பது கால்சட்டை நிற்கும் இடத்தில் நிற்பதே இல்லை. தொப்புளை ஒட்டி, அதற்கும் மேலே ஏறி நிற்கும். அந்த இடத்தை அளக்காமல் 34 என்று எழுதிக்கொண்டான்.

காட்டிய கில்ட்டின் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்திருந்தார்கள். பார்த்ததுமே எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நல்ல கில்ட்டுக்குக் கீழ் மடிப்பே கிடையாது. தறியில் விழுந்த கரைதான் ஓரம். அது அப்படியே முழங்காலைத் தொட வேண்டும். துணியிலும் பாலியஸ்டர் கலந்திருந்தது.

அளவெடுத்து முடியும்வரை அவர் வலது கையை வயிற்றின் மேலேயே வைத்திருந்தார். டேப் அந்தக் கையைச் சுற்றித்தான் போனது. பையன் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மார்ச் 3

மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் தொழிலை விட்டுவிட்டார், விரல் மூட்டுகளில் வாதம். இன்னொருவர் அடுத்த ஜனவரிக்கு மேல்தான் முடியும் என்றார். மூன்றாமவர் அளவுகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். இடுப்பு, புட்டம், நீளம், மூன்று எண்கள் போதுமாம். அனுப்பவில்லை. அந்த மூன்று எண்களில் வலது பக்கம் எங்கே வரும்?

பிரிட்டனில் அருகிவரும் கைத்தொழில்களின் பட்டியலில் 2021-ல் கையால் கில்ட் தைப்பதையும் சேர்த்தார்கள். அன்று அதைச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். கடை கடையாகக் கில்ட் தொங்கும் ஊரில் அது எப்படி என்றுகூட நினைத்தேன். தொங்குவது வேறு, தைப்பது வேறு.

புடவைக் கொசுவம் காலையில் வைத்து இரவில் அவிழ்ப்பது. பிசகினால் உதறிவிட்டு மறுபடி வைக்கலாம். கில்ட்டில் எட்டு கெஜத்தை இருபத்தைந்து முப்பது கொசுவங்களாக மடித்து, ஒவ்வொன்றையும் இடுப்பிலிருந்து புட்டம்வரை கையால் தைத்து இறுக்கிவிடுகிறார்கள். இடுப்பில் ஒடுங்கி, கீழே போகப்போக அகன்று, அதற்கப்புறம் தையல் நின்று துணி தானாக விழ வேண்டும். ஒவ்வொரு கொசுவத்திலும் ஒரு நூல் இழை தள்ளினால் கடைசிக் கொசுவத்துக்கு வரும்போது ஒரு அங்குலம் போய்விடும். இதை மின்னஞ்சலில் எப்படிச் செய்வது?

மார்ச் 17

மூன்றாவது சுற்று கீமோ மருந்து. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் அவருக்கு விரல் நுனிகளில் ஊசி குத்துகிறது. பாலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 18

சாதாரண கோட்டு சூட்டே போதும் என்கிறார். போதாது. சூட்டின் இடுப்பு வார் நேராக அந்த இடத்தின் மேலேயே அழுத்தும். நான் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்கிறார். பிடிக்கத்தான் செய்கிறேன்.

ஏப்ரல் 16

குலோடன் நாள். 1746-ல் இதே தேதியில் இங்கிருந்து ஐந்தாறு மைல் தொலைவிலுள்ள பொட்டலில் ஹைலண்ட் எனப்படும் மலைநாட்டுக் கிளர்ச்சிப் படை அரசுப் படையிடம் தோற்றது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோனது. வழக்கமாக அங்கே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவோம். இந்த வருடம் காற்று ஆகாது.

அதற்கடுத்து வந்த சட்டத்தைப் பற்றி அவர் எப்போதும் கோபமாகப் பேசுவார். ஸ்காட்லாந்தில் ஆண்கள் கில்ட் உடுத்தினால் ஆறு மாதம் சிறை. மறுபடி உடுத்தினால் ஏழு வருடம் கடல் கடந்து நாடு கடத்தல். படையில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் நீக்கினார்கள். முப்பத்தாறு வருடம். இன்று எனக்குக் கோபத்தைவிட வேறொன்று தோன்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு வருடம் என்பது ஒரு தையல்காரரின் முழு வேலைக்காலம். அப்பா கடை வைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். தொழில் தெரிந்த ஒரு கை யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே கிழடாகி ஓய்ந்துபோகும் காலம். பிறகு எல்லோரும் உடுத்த ஆசைப்பட்டபோது அந்தக் கையை எங்கே போய்த் தேடியிருப்பார்கள்?

இரவு தூக்கம் வரவில்லை. அவர் நன்றாகத் தூங்கினார்.

ஏப்ரல் 20

கிடைத்துவிட்டார்.

ஃபாரஸ் தாண்டி ஒரு கிராமம். ரயிலில் போய் அங்கிருந்து டாக்சி. எழுபதை நெருங்கும் அம்மாள். கீத் ஊரிலிருந்த கில்ட் பள்ளியில் கற்றவர். பின்னறைதான் பட்டறை. இஸ்திரிப் பெட்டியின் ஆவி மணமும் ஈரக் கம்பளி மணமும் கலந்து வந்ததில் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பாவின் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் இப்படித்தான் மணக்கும்.

தேநீர் கொடுத்தார். துணியைப் பற்றிப் பேசவே இல்லை. கல்யாணம் எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், உட்கார்ந்து எழ முடிகிறதா என்று விசாரித்தார். அப்புறம் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "எந்தப் பக்கம்?" என்றார்.

நாங்கள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. நாற்காலியில் அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துகொண்டிருக்கிறார். "வலது" என்றார் இவர். ஐந்து மாதத்தில் எனக்கும் செவிலியருக்கும் அப்பால் ஒருவரிடம் அவர் சொன்னது இதுதான் முதல் முறை.

சட்டையை உயர்த்தச் சொல்லி அளந்தார். நிற்கும்போது ஒரு அளவு, உட்கார்ந்தால் ஒரு அளவு, பை காலியாக இருக்கும்போதும் பாதி நிறைந்திருக்கும்போதும் தனித்தனியே. எல்லாவற்றையும் பென்சிலால் எழுதினார். கில்ட்டின் மேல்விளிம்பு அந்த இடத்துக்கு மேலே போய்விடும், அதனால் கால்சட்டையைவிட இதுதான் உங்களுக்கு நல்லது என்றார். வழக்கமாக மூன்று தோல்பட்டைகள்: இடுப்பில் இரு பக்கமும் ஒவ்வொன்று, வலது புட்டத்தருகே கீழே ஒன்று. அந்தக் கீழ்ப்பட்டை வேண்டாம் என்று முடிவு செய்தார். உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸை அந்த இடத்தில் மட்டும் விட்டுவிட்டு மெல்லிய பருத்தி உள்துணி மட்டும் வைப்பாராம்.

ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். நெய்ர்ன் வந்ததே தெரியவில்லை.

மே 2

டார்டன், அதாவது குலத்துக்குரிய கட்டத் துணி, எது என்பதில் கேள்வியே இல்லை, மெக்கன்சிதான். கரும்பச்சை, நீலம், கறுப்பு. நடுவே ஓடும் வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும். அவருடைய அப்பா சீஃபோர்த் படைப்பிரிவில் இதைத்தான் உடுத்தினார். வெளிறிய சாயத்திலும் இது கிடைக்கும். அவருக்கு அந்த அழுத்தமான நிறம்தான் வேண்டும்.

எனக்கோ மெக்கன்சி என்றால் முதலில் சுவடிகள். கல்யாணமான புதிதில் அவர் குலப்பெயரைக் கேட்டதும் காலின் மெக்கன்சியைப் பற்றிச் சொன்னேன். லூயிஸ் தீவில் பிறந்து, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராகி, ஊர் ஊராகச் சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் கைபீதுகள் என்னும் ஊர் வரலாறுகளும் சேர்த்து, 1821-ல் அங்கேயே இறந்தவர். அவர் சேர்த்ததில் ஒரு பெரும்பகுதி இன்று சென்னையில் இருக்கிறது. அளப்பதைத் தொழிலாகக் கொண்டவர்.

கோடு பார்த்து மடிப்பதா, கட்டம் பார்த்து மடிப்பதா என்று அம்மாள் கேட்டு அனுப்பியிருக்கிறார். கட்டம் பார்த்து மடித்தால் பின்னாலும் முன்பக்கத்தைப் போலவே முழு டார்டனும் தொடரும். கோடு பார்த்து மடித்தால் ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் ஒரே கோடு நிற்கும், படைக்காரர்கள் வழக்கம். வெள்ளைக் கோடு என்று அவர் சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை.

மே 30

கடைசிச் சுற்று தள்ளிப்போனது. ரத்த அணுக்கள் குறைவு.

ஜூன் 11

துணி வந்துவிட்டதாம். கெஜத்துக்குப் பதினாறு அவுன்ஸ் எடை.

ஜூன் 24

நான் மட்டும் போனேன். துணியைப் பிரிக்கும்போது பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். இரட்டை அகலத்தில் நான்கு கெஜம். நடுவில் கத்தரியால் ஒரு சிறு வெட்டு. பிறகு இரு கையாலும் பிடித்து நீளவாக்கில் கிழித்தார். இழை பிசகாமல் நேர்கோடாகக் கிழிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு நான்கு கெஜங்கள், எட்டு. இரண்டையும் சேர்க்கும் தையல் ஒரு கொசுவத்தின் உள்மடிப்பில் மறைந்துவிடும்.

முதல் கொசுவத்தை என் கண்முன் தைத்தார். துணியின் நிறத்துக்கு ஏற்ப நூல் மாறுகிறது. பச்சைக் கட்டத்தில் பச்சை நூல், வெள்ளைக் கோடு வந்ததும் வெள்ளை. ஊசி வெளியே வந்த இடத்தைக் கண்ணருகே வைத்துத் தேடினேன், தெரியவில்லை. விரலால் தடவியபோதுதான் தட்டுப்பட்டது.

ஜூலை 18

மூன்று கிலோ ஏறியிருக்கிறார்! தராசை இரண்டு முறை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். மகிழ்ச்சியில் கை நடுங்கியது. உடனே அடுத்த பயம், இடுப்பு? தொலைபேசியில் அம்மாளிடம் சொன்னேன். "ஏறட்டும், ஏறட்டும். பட்டையில் இரண்டு அங்குலம் விட்டிருக்கிறேன்" என்றார். அளவெடுத்த அன்றே இவர் தேறிவிடுவார் என்று நம்பியிருக்கிறார்.

ஆகஸ்ட் 10

உடுத்திப் பார்க்கப் போனோம். மண்டியிட்டுப் பார்ப்பதுதான் பழைய முறை. ஓரம் தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்க வேண்டும். அவரால் மண்டியிட முடியாது என்றேன். பரவாயில்லை என்று அம்மாளே அவர் முன் மண்டியிட்டு, ஓரத்தைச் சுற்றிலும் அளந்தார். முன்னால் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் இருபத்தேழு வெள்ளைக் கோடுகள் இடுப்பிலிருந்து விரிந்து இறங்கின. அவர் திரும்பினார். கொசுவங்கள் ஒரு நொடி பின்தங்கி, ஒன்றாகத் திரும்பின.

இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆகஸ்ட் 24

வீட்டுக்கு வந்துவிட்டது. கொசுவங்கள் கலையாமல் இருக்க அடியில் நீளமாக வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டிருக்கிறார். உடுத்துவதற்கு முன்பு பிரித்துவிட வேண்டும். அன்று காலை நானே பிரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவின் சின்னக் கத்தரியைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 29

மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். ஸ்கேனை முன்னதாக வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை காலை 8.40. காரணம் சொல்லவில்லை. அவர் தோட்டத்தில் இருக்கிறார், இன்னும் சொல்லவில்லை.