எடைக் குறிப்பேடு

ஜூன் 3, 2024, திங்கள்

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. பம்பிங் 30. முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய எனக்கு 35-க்குக் கீழே எந்த எண்ணைப் பார்த்தாலும் சிவப்பு மைதான் நினைவுக்கு வருகிறது. என் முகம் போன போக்கைப் பார்த்து மருத்துவர் காகிதத்தில் ஒரு பை வரைந்து காட்டினார். நல்ல இதயமும் தன்னிடம் உள்ள இரத்தம் முழுவதையும் வெளியே தள்ளிவிடுவதில்லை. ஒரு துடிப்புக்கு 55 முதல் 70 விழுக்காடு வரை தள்ளும். என்னுடையது 30 தள்ளுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சு அடைத்தபோது, வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை வீட்டிலேயே கிடந்தேன். அன்று செத்த தசை தழும்பாகிவிட்டது. தழும்பு சுருங்கி விரியாது. மிச்சத் தசை அதற்கும் சேர்த்து உழைக்கிறது.

தமிழில் இதற்கு 'இதயச் செயலிழப்பு' என்று பெயர். எனக்கு இந்தச் சொல் பிடிக்கவில்லை. செயல் எங்கே இழந்தது? இதை எழுதும்போதும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உறவினர்கள் சொல்லும் 'இதயம் பலவீனம்' உண்மைக்குச் சற்றுப் பக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

எடை 61.4. காலையில் சிறுநீர் கழித்த பின், காபிக்கு முன், தினமும் பார்க்க வேண்டும். குனிந்தால் மூச்சு முட்டுகிறது. அதனால் எண்ணை என் கணவர் பார்த்துச் சொல்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 8, சனி

நான் கூடத்துக்குள் நுழைந்ததும் நாத்தனாரின் பேச்சு நின்றது. விடாமல் கேட்டேன். என்னோடு பதினோரு ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டதாம். "உங்கள் நெஞ்சு தாங்காது, அண்ணி. அதனால்தான் சொல்லவில்லை" என்றாள்.

தாங்காது என்று யார் முடிவு செய்தது? என் சாப்பாட்டுப் பாத்திரத்தில் கை போட்டுச் சாப்பிட்டவள் அவள். அவள் வீட்டு வாசலில் நின்று அழும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போனது. துக்கம் இதயத்தை அசைக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது உப்பு, அளவுக்கு மிஞ்சிய தண்ணீர், விட்டுப்போகும் மாத்திரை, முழங்கால் வலிக்கு நானாக வாங்கி விழுங்கும் மாத்திரை என்றுதான் அடுக்கினார்.

ஜூன் 10, திங்கள்

நேற்று ஒரு வளைகாப்பு. புளியோதரை, அப்பளம், மாங்காய் ஊறுகாய். நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், நிற்க வேண்டியவள் நான். அந்த ஒரு இலையிலேயே அது தாண்டியிருக்கும். நாத்தனார் இந்துப்பு வாங்கி வந்திருக்கிறாள். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். எடுத்து வைத்துவிட்டேன். எடை 61.6 என்றார் அவர்.

ஜூன் 13, வியாழன், அதிகாலை 3 மணி

மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை. கண் அசந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீருக்குள் அமுக்கியது போல விழித்தேன். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர், படுத்ததும் இரத்தத்தோடு கலந்து மேலே வருகிறது. பலவீனமான இதயத்தால் அவ்வளவையும் வாங்கித் தள்ள முடிவதில்லை, நுரையீரலில் தேங்குகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. நேற்றும் 61.8 என்றுதான் சொன்னார். எங்கேயோ தப்பு இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

நேற்று விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே எடை 63.7. ஊசி போட்டார்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழிப்பறை. மாலைக்குள் மூச்சுத் திணறல் இறங்கியது. மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே தெரிவிக்கச் சொல்லியிருந்தார்களே, ஏன் வரவில்லை என்று மருத்துவர் கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

திங்களன்றே 62.5 இருந்திருக்கிறது. மறுநாள் 63. நான் பயந்துவிடுவேன் என்று குறைத்துச் சொல்லியிருக்கிறார். என் கையாலேயே பொய்யை எழுதியிருக்கிறேன். அவர் மேல் எனக்கு அன்பு உண்டு. கோபமும் அதே அளவு இருந்தது. "நான் பயந்தால் மருத்துவரிடம் போவோம். தெரியாவிட்டால் படுக்கையிலேயே மூழ்குவேன்" என்றேன். அவர் அழுதார். நாற்பது ஆண்டில் இரண்டாவது முறை.

ஜூன் 20, வியாழன்

புதிதாக ஒரு மாத்திரை, பீட்டா பிளாக்கர். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்களாம். இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மருந்து என்பதால் ஒரு காலத்தில் பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று வைத்திருந்தார்கள். 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் சில மருத்துவர்கள் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்கள் தேறினார்கள். உலகம் ஒப்புக்கொள்ள 1999-இல் வெளியான பெரிய ஆய்வுகள் வரை ஆனது. அதுவரை தாங்காது என்று மறுக்கப்பட்டவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

61.2. இப்போது எடை பார்க்கும் கருவியை நாற்காலியின் பக்கத்தில் வைத்து, எண்ணை உரக்கப் படிக்கிறார். நான் எழுதி முடித்த பிறகும் அவர் நகரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கும்பகோணத்து அத்தையை நேற்று ராத்திரி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம். நிலைமை நன்றாக இல்லை."

மாத்திரைகளையும் அளந்து வைத்த தண்ணீர்ப் பாட்டிலையும் பையில் எடுத்து வைத்தாயிற்று. பத்தரை மணி பஸ்ஸில் போகிறோம்.