தலையணைக்கு அடியில் ஒரு புத்தகம்: பிரிக்பீல்ட்ஸ் வாசிப்பு நாட்குறிப்பு

ஜூலை 3

இந்த மாத வாசிப்பு ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953). மூன்றே பாகங்கள், அத்தியாய எண் கிடையாது. புத்தகங்களைக் கொளுத்துவதே தொழிலான தீயணைப்பு வீரன் மோன்டாக்கை விட்டுக் கதை ஓர் அடிகூட விலகுவதில்லை. அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு கிளாரிஸ் சில நாளாகக் கண்ணில் படவில்லை. கார் மோதி இறந்திருப்பாள், நாலு நாளாச்சு, சொல்ல மறந்துட்டேன் என்கிறாள் மனைவி மில்ட்ரட். ஒரு சாவுச் செய்தி இவ்வளவு தாமதமாக, இவ்வளவு அலட்சியமாக வருவதிலேயே அந்த நாடு எப்படிப்பட்டது என்று புரிந்துவிடுகிறது.

ஜூலை 7

முதல் பாகத்தின் பின்பகுதியை நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். புத்தகங்கள் ஏன் ஒழிந்தன என்ற வரலாற்றை மேலதிகாரி பீட்டி பக்கம் பக்கமாகச் சொல்கிறார். அரசு ஆணை முதலில் வரவில்லை, மக்களே படிப்பதை விட்டார்கள் என்பது அவர் கட்சி. இத்தனை நீளப் பேச்சும் சலிக்கவில்லை. மோன்டாக் படுக்கையில் கிடக்கிறான், திருடிய புத்தகம் தலையணைக்கு அடியில். தலையணையைச் சரிசெய்ய வரும் மில்ட்ரட்டின் கையில் அது தட்டுப்படுகிறது. பீட்டி பேசிக்கொண்டே இருக்கிறார். நமக்குக் காது அவரிடம், கண் தலையணையில்.

இடமும் முக்கியம். தன் புத்தகங்களோடு ஒரு கிழவி எரிந்து செத்த பிறகுதான் இந்த விளக்கம் வருகிறது. ‘ஏன்’ என்ற கேள்வி அதற்குள் நம்மிடம் பிறந்துவிட்டது. நம் மலேசியாவில் இப்படியொரு நாவல் எழுத உட்கார்ந்தால், நூல்களைத் தடைசெய்ய வழிவைக்கும் 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் போன்ற ஒன்றை முதல் பக்கத்திலேயே விவரிக்கக் கை பரபரக்கும். கேள்வி இல்லாத இடத்தில் வைத்த பதில் அரசிதழ் போலத்தான் கிடக்கும்.

போகிற போக்கில் பீட்டி ஒரு கெடுவும் வைக்கிறார்: ஆர்வத்தில் புத்தகம் எடுத்தவனுக்கு அதை எரிக்க 24 மணி நேரம். இரண்டாம் பாகத்தின் ஓட்டத்துக்கு அது போதும்.

ஜூலை 12

இரண்டாம் பாகம், அவன் வீட்டு வாசலிலேயே தீயணைப்பு வண்டி நிற்பதோடு முடிகிறது. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டியிருக்கிறார் பிராட்பரி. மூன்றாம் பாகத்தில், புத்தகங்களை மனப்பாடமாகக் காக்கும் குழுவின் தலைவர் கிரேஞ்சர் நெருப்போரம் பேசும்போது வேகம் தளர்கிறது. அதுவும் விளக்கம்தான், ஆனால் அங்கே தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த புத்தகம் போல எதுவும் இல்லை.

ஜூலை 13

பழைய பிரதி வாங்குபவர்கள் பதிப்பாண்டைப் பாருங்கள். 1967இல் பள்ளிகளுக்கென வந்த அமெரிக்கப் பதிப்பில் ஆசிரியருக்குத் தெரியாமலே வசைச் சொற்களை மாற்றிவிட்டார்கள். 1979–80 வாக்கில்தான் மூல வடிவம் திரும்பியது.